சனிக்கிழமை வாங்காத கத்திகள்

1

இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடம் நிறைந்த அன்று காலையில், அதற்காகப் பாயாசம் காய்ச்சுவதா, அல்லது இது பாயாசம் காய்ச்சுகிற விசயமே இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல், சவ்வரிசிப் போத்தலோடு குசினியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது.

மிகவும் மரியாதையான கடிதம். இங்கே கெட்ட செய்தி எல்லாம் மரியாதையாகத்தான் வரும். உங்கள் மகள் வதனி இனிமையான பிள்ளை என்று தொடங்கியது. இனிமையான பிள்ளை மதியச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிடுகிறாள். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல் சிரமப்படுகிறாள். வீட்டில் பழக்கினால் நல்லது. சில வாரங்களில் பள்ளித் தாதி அவளுடைய நிறையை மறுபடியும் நிறுத்துப் பார்ப்பார் என்று முடிந்தது.

'மறுபடியும்' என்ற சொல்லைத் திரும்பவும் படித்தேன். அப்படியென்றால் ஏற்கெனவே ஒருமுறை நிறுத்திருக்கிறார்கள். நிறை போதாது என்று எங்கோ ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். வதனிக்கு ஐந்து வயது. காலை எட்டரைக்குப் போனால் வீடு வர நாலு மணி ஆகும். அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடையின் இடுப்பை நான் இரண்டு முறை பிடித்துத் தைத்திருந்தேன். பாவாடையைத்தான் பெரிதாக வாங்கிவிட்டோம் என்று என்னையே நம்பவைத்திருந்தேன்.

இந்தப் பள்ளிக்கூடத்தோடு எனக்கு முதலிலிருந்தே சரிவரவில்லை. சேர்க்கும்போது ஒரு படிவம் தந்தார்கள். பிள்ளை சைவ உணவா, ஆம் அல்லது இல்லை. நான் இரண்டையும் வெட்டிவிட்டு, 'செவ்வாய், வெள்ளி மட்டும்' என்று எழுதினேன். படிவம் திரும்பி வந்தது. ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது, இரண்டில் ஒன்றில் மட்டும் அடையாளமிடவும் என்ற குறிப்போடு. கடைசியில் 'இல்லை' என்று அடையாளமிட்டேன். இந்த நாட்டில் வெள்ளிக்கிழமையென்றால் மீன்தான். பள்ளிக்கூடத்தில் அவள் மீன் சாப்பிடுகிற நேரத்தில் நான் வீட்டில் முருகனிடம் மன்னிப்புக் கேட்டு வந்தேன். அந்த மீனைக்கூட அவள் சாப்பிடவில்லை என்று இப்போது தெரிகிறது. என் மன்னிப்பெல்லாம் வீண்.

இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் கடிதத்தை நீட்டினேன். என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். இங்கே ஒரு தொழிற்சாலைக் கந்தோரில் அதே வேலையை அதிகக் குளிரில் செய்கிறார்.

"இதுக்கேன் அழுறீர்? பிடிக்கத் தெரியாட்டிப் பழக்கினாச் சரி."

"எதால பழக்கிறது? எங்கட வீட்டில கறிக் கரண்டியும் சோத்துக் கரண்டியும்தானே கிடக்கு."

"அப்ப ஒரு செற் வாங்குவம்."

இவருக்கு எல்லாமே இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். மூன்றாவது வசனத்திலிருந்து என் பாடு.

2

எனக்கு முள்ளுக்கரண்டி புதிதல்ல. புதிதாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, கொண்டுபோக மனமில்லாத சாமான்களை ஏலம் போட்டார்கள். டொக்யாட்டில் வேலைசெய்த அப்பா, அம்மா கேட்ட தண்ணீர்த் தாங்கியை வாங்கப் போய், நீல வெல்வெட் விரித்த ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே வெள்ளி முலாம் பூசிய கத்திகள், முள்ளுக்கரண்டிகள், கரண்டிகள், பன்னிரண்டு பேருக்கு. அம்மா இரண்டு நாள் அப்பாவோடு கதைக்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். வாடைக்காற்று தொடங்கினால் சன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். ஒரு மழைக்காலத்தில் முலாம் கறுத்துப்போயிற்று. கத்திகள் வெல்வெட்டோடு ஒட்டித் துருவேறிவிட்டன. அம்மா முள்ளுக்கரண்டிகளைப் பனங்கிழங்கு அவிந்துவிட்டதா என்று குத்திப் பார்க்க எடுத்துக்கொண்டார். என் தம்பி ஒன்றால் நாய்க்குத் தலைவாரினான். நாய்க்கு அது பிடித்திருந்தது.

ஒரே ஒரு முறை அந்தப் பெட்டி மேசைக்கு வந்தது. கொழும்பிலிருந்து மாறி வந்த புது அதிகாரி ஒருவரை அப்பா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் எல்லோரும் புளியும் சாம்பலும் போட்டுக் கை தேயத் தேய மினுக்கினோம். அதிகாரி வந்தார். சோற்றையும் நண்டுக் கறியையும் பார்த்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக் கையால் குழைத்து அடித்தார். அவருக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் முள்ளுக்கரண்டியால் நண்டோடு போராடிக்கொண்டிருந்தோம். "நீங்கள் எப்பவும் இப்படித்தானோ?" என்று அவர் இரக்கத்தோடு கேட்டார். "ஓம் சேர்" என்றார் அப்பா.

3

ஆகவே, வாங்குவதென்றால் உப்புக்காற்றுக்கு நிற்கிற சாமானாக வாங்கவேண்டும் என்று முடிவுசெய்தேன். நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து கடலுக்குப் போக அரை நாள் வேண்டும். "இஞ்ச எங்க உப்புக்காத்து?" என்று இவர் கேட்டார். "திரும்பிப் போகேக்க கொண்டுபோறேல்லையோ?" என்றேன். ஊருக்குத் திரும்பிப் போகும்போது கொண்டுபோக என்று இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அலுமாரி நிறையச் சாமான் இருக்கிறது. போகிறவர்களைத்தான் இன்னும் காணவில்லை.

கடையில் முதலில் காட்டியது பட்டுத்துணிப் பெட்டியில் பளபளக்கும் ஒரு செற். இவர் பெருவிரலால் முள்ளுக்கரண்டியின் கழுத்தை மெல்ல அமுக்கினார். அது குனிந்து வணக்கம் சொன்னது. அடுத்தது மரப்பிடி போட்டது. பார்க்க அழகுதான். நாலு மாதம் கழுவினால் மரம் வாயைப் பிளக்கும், பிளவுக்குள் பருப்புக் குடியேறும். இன்னொன்றில் முள்ளுகளுக்கு நடுவே நகத்தால் தடவிப் பார்த்தேன், அரம் போல இருந்தது. அதைப் பிள்ளையின் வாய்க்குள் எப்படி விடுவது?

கடையில் நின்ற கிழவர் நல்ல மனிதர். பாரமான, ஒரே துண்டாகச் செய்த, மினுக்கம் குறைந்த ஒன்றை எடுத்து வைத்தார். "மினுக்கம் கூடினால் கீறலும் கூடத் தெரியும்" என்றார். பின்பக்கத்தில் பதினெட்டு, எட்டு என்று இரண்டு இலக்கம் பொறித்திருந்தது. நூறு பங்கு உருக்கில் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல், துருப்பிடிக்காது என்று விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டினேன். நம்பவில்லை. ஒரேயொரு தேக்கரண்டி மட்டும் இரவலாகத் தர முடியுமா என்று கேட்டேன். இவர் வேறு யாரோ கூட்டிவந்த ஆள் மாதிரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

தேக்கரண்டியை உப்புத்தண்ணீர்ப் போத்தலில் போட்டுக் குசினிச் சன்னலில் வைத்தேன். ஒப்புப் பார்க்க ஒரு தையல் ஊசியையும் கூடப் போட்டேன். மூன்றாம் நாள் ஊசி சிவந்தது. எட்டாம் நாளும் கரண்டி புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. இதுதான் செற் என்றேன்.

"அப்ப சனிக்கிழமை போய் வாங்குவம்" என்றார் இவர்.

சொல்லிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

4

சனிக்கிழமையில் இரும்பு வாங்கக்கூடாது. அதுவும் இவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை பூட்டு. வாரநாளில் இவர் வீடு வருமுன் கடை அடைத்துவிடும். எனக்கோ கைக்குழந்தை ஒன்று, தம்பிப்பிள்ளை, ஒன்பது மாதம். அவனோடு இரண்டு பஸ் மாறிப் போக அப்போது துணிவில்லை.

சனீஸ்வரனுக்கு இவ்வளவு தூரம் அதிகாரம் இருக்கிறதா என்று நான் யோசித்தேன்தான். விசா இல்லாமல் அவர் எப்படி வருவார்? ஆனால் வந்துவிட்டால்? முதலில் எவர்சில்வர் இரும்புதானா? அதைத் தெரிந்துகொள்ள, திருகோணமலையில் இருக்கும் மாமிக்கு எழுதினேன். பதில் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வதனி பள்ளிக்கூடத்தில் பாதி வயிற்றோடு இருந்தாள் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மாமியின் கடிதம் இது:

"பிள்ளை, எவர்சில்வர் இரும்போ எண்டு எனக்குத் தெரியாது. கோயில் ஐயரைக் கேட்டனான். அவருக்கும் தெரியாது, ஆனா தெரியாது எண்டு சொல்லாம அரை மணித்தியாலம் கதைச்சார். பிறகு கிண்ணியா முஸ்லிம் நானாட பாத்திரக் கடைக்குப் போய்க் கேட்டனான். கப்பல்ல சாமான் வாறேல்லை, கடையில வாளியும் அலுமினியச் சட்டியும்தான் கிடக்கு. அதால அவருக்குக் கதைக்க நேரம் இருக்கு. 'காந்தத்த வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஒட்டினா இரும்பு. ஒட்டாட்டி அது வேற சாமான், பயப்பிடாம வாங்கட்டும். உங்கட சனியன் வந்து கேட்டாலும் நான் சனிக்கிழமை சாமான் குடுப்பன்' எண்டார். அப்பிடிச் சொல்லாதேங்கோ நானா எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குடும்."

அடுத்த சனிக்கிழமை வதனியின் விளையாட்டுச் சாமானிலிருந்த குதிரைலாடக் காந்தத்தோடு கடைக்குப் போனோம். இவர் அதை முள்ளுக்கரண்டியில் வைத்தார். வழுக்கி விழுந்தது. கரண்டியில் வைத்தார். விழுந்தது. கத்தியில் வைத்தார். 'டக்' என்று பிடித்துக்கொண்டது.

"பாத்தீரே, கத்தி இரும்பு."

"அப்ப இந்தாள் எங்களை ஏமாத்துதோ?"

கிழவர் நாங்கள் கதைத்தது விளங்காமலே விளங்கிக்கொண்டார். கத்திக்குக் கூர் நிற்கவேண்டும், ஆகவே அதற்கு மட்டும் வேறு உருக்கு, நல்ல கத்தியென்றால் காந்தம் ஒட்டத்தான் வேண்டும் என்றார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முள்ளுக்கரண்டியும் கரண்டியும் மட்டும் இன்றைக்குப் போதும், கத்தி பிறகு என்றார்.

"உங்கள் மதத்தில் கத்தி கூடாதா?"

"கூடும். சனிக்கிழமைதான் கூடாது."

கிழவர் கத்திகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "எங்களிடமும் ஞாயிற்றுக்கிழமை எதுவுமே வாங்க முடியாது" என்றார். ஆறு கத்திகளையும் தாளில் சுற்றி எங்கள் பெயரை எழுதி உள்ளே வைத்தார். நாலு வருடத்தில் இந்த நாட்டில் என்னை முழுதாக விளங்கிக்கொண்ட முதல் மனிதர் அவர்தான்.

5

கத்தி எடுக்க நானேதான் போகவேண்டியிருந்தது. புதன்கிழமை, ஒரு கையில் குழந்தை, இரண்டு பஸ். கடை பூட்டியிருந்தது. இங்கே புதன்கிழமை மத்தியானத்தோடு கடைக்காரருக்கு அரைநாள் லீவு. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சனிக்கு ஒரு விதி, புதனுக்கு ஒரு விதி. எந்தக் கிரகத்தைத்தான் சமாளிப்பது? வியாழக்கிழமை மறுபடியும் போய் எடுத்துவந்தேன்.

அன்று பின்னேரமே பயிற்சி தொடங்கியது. இடக்கையில் முள்ளு, வலக்கையில் கத்தி. முழங்கை உடம்போடு. வாயை மூடிச் சப்பு. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் இரண்டையும் கீழே வை. இது பள்ளிக்கூடம் சொன்னதல்ல, என் சொந்தச் சேர்க்கை. அவதிப்பட்டு அள்ளித் திணிக்கிற பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே.

வதனி அவற்றைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டாள்.

"அப்பிடிப் போடாதை. கத்தி குறுக்க கிடந்தா வீட்டில சண்டை வரும்."

"ஆருக்கும் ஆருக்கும், அம்மா?"

"எனக்கும் அப்பாக்கும்."

"அது இப்பவும் வருதுதானே?"

"வாயை மூடிச் சப்பு."

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெல்வெட் பெட்டிக்குள் கிடந்ததுபோல, இரண்டையும் தட்டின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நேராக அடுக்க அவளுக்குப் பழக்கினேன். ஒரு வாய், அடுக்கு, கையை மடியில் வை, சப்பு, விழுங்கு, எடு. பிறகு இன்னொன்றும் சொன்னேன். அந்நிய இடத்தில் சாப்பாடு கேட்டு வாங்கக்கூடாது, தந்ததைச் சாப்பிட்டுவிட்டு இருக்கவேண்டும். இதை அம்மா எனக்குச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிற எல்லோரும் சொல்வதுதான்.

பத்தே நாளில் அவள் அரண்மனையில் பிறந்தவள்போல் சாப்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது கடிதம் வந்தது. வதனி இப்போது கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடுவதில்லை. நிறை மேலும் குறைந்திருக்கிறது. நேரில் வந்து தலைமை ஆசிரியையையும் தாதியையும் சந்திக்கவும்.

"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?"

"சாப்பிட்டனான்."

"எவ்வளவு?"

"கொஞ்சம். பிறகு அங்க நிக்கிற மனிசி சாப்பாட்டுப் பீங்கானை எடுத்திட்டா."

நேரம் முடிந்து எடுத்திருக்கிறார்கள், பிள்ளை மெதுவாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கத்தியை வியாழக்கிழமைதானே வாங்கினோம், முள்ளுக்கரண்டியில் ஏதாவது குற்றமோ என்றும் ஒரு கணம் நினைத்தேன். படித்தவள்தான் நான். இருந்தாலும் நினைத்தேன்.

6

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். பயந்தவர்கள் எங்கும் முன்னதாகத்தான் போவார்கள். சாப்பாட்டு மண்டபத்துக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். கதவில் கண்ணாடி. தம்பிப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பிப் பார்த்தேன்.

உள்ளே சந்தை இரைச்சல். பிள்ளைகள் முள்ளுக்கரண்டியை ஈட்டிபோலப் பிடித்து உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கத்தியை நக்கினான். நடுவில் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டை வெட்டினாள். வாயில் வைத்தாள். கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நேராக அடுக்கினாள். கையை மடியில் வைத்து வாயை மூடிச் சப்பினாள்.

மேசைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்த பெருத்த பெண் ஒருத்தி அதைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். வதனியின் தலையைத் தடவினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வதனி போகிற தட்டைப் பார்த்தாள். கேட்கவில்லை. வாயில் இருந்ததை மெதுவாக, கூடிய நேரம் நிற்கும்படி சப்பினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. "ஏன் எடுத்தீர்கள்?" என்று நான் கேட்ட ஆங்கிலத்தில் எத்தனை பிழை இருந்ததோ தெரியாது. அந்தப் பெண் திகைத்துப்போனாள்.

"முடித்துவிட்டாளே! கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் சேர்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம். எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லையாக்கும் என்று நானும் வற்புறுத்தவில்லை. இந்த மண்டபத்திலேயே மேசை மரியாதை தெரிந்த பிள்ளை இவள் ஒருத்திதான், அம்மா. யார் பழக்கினார்கள்?"

தம்பிப்பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் இருமுவதுபோல் கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டார். மண்டபத்தில் இருநூறு பிள்ளைகள், எல்லாத் தட்டையும் விசாரித்து எடுக்க முடியாது, பிள்ளையும் வாய் திறந்து சொல்லப் பழகவேண்டும் என்றார். ஒரு மாதம் பொறுப்போம், அதற்குள் நிறை கூடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதவேண்டிவரும் என்றார் தாதி.

"நீர் பிள்ளைக்கு மரியாதை பழக்கிப் பட்டினி போட்டிருக்கிறீர்" என்றார் இவர், அன்று பின்னேரம் வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. சொன்னதும் என் முகத்தைப் பார்த்தார். எழும்பிப் போய்க் குசினித் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். "சரி. நான்தான் அந்த மனிசி. பிள்ளை, நீ சாப்பிடு."

வதனி சாப்பிடத் தொடங்கினாள். இவர் மேசையைச் சுற்றி இடுப்பை ஆட்டி நடந்து, தட்டில் கைவைத்தார். வதனி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடாதை! பீங்கானைப் பிடி! இன்னும் முடிக்கேல்லை எண்டு கத்து!" என்றேன்.

"கத்தக்கூடாதெண்டு நீங்கதானே அம்மா சொன்னனீங்கள்?"

"ஓம். சொன்னனான். இப்ப கத்து."

"மரியாதை இல்லைத்தானே?"

"இல்லை. பரவாயில்லை."

என்னை அவள் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. முதல் நாள் இவர் எட்டுத் தட்டைக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் அவள் ஒரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்தாள். சத்தம் வரவில்லை. கத்தியும் முள்ளும் குறுக்கே கிடந்தன. சண்டை வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் இவர் வேலைக் களைப்பில் விளையாட்டை மறந்து, உண்மையிலேயே கழுவத்தான் தட்டை எடுத்தார். "நான் இன்னும் முடிக்கவில்லை!" என்று ஆங்கிலத்தில் ஒரு கத்தல். தம்பிப்பிள்ளை திடுக்கிட்டு அழுதான். இவர் துள்ளிப் பின்வாங்கிக் கதிரையில் இடித்துக்கொண்டார். அந்த ஆங்கிலம் எங்கள் இருவருடையதும் இல்லை. அந்த மண்டபத்து ஆங்கிலம், அப்படியே.

மாதக் கடைசியில் தாதி நிறுத்தார். நானும் போயிருந்தேன். தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பயந்து தாதியின் முகத்தைப் பார்த்தேன். "கூடியிருக்கிறது. நன்றாகவே கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எழுதத் தேவையில்லை" என்றார். அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன்.

வெளியே வரும்போது அந்தப் பெருத்த பெண் எங்களை மறித்தாள். சட்டைக் கையை உயர்த்திப் புறங்கையைக் காட்டினாள். மூன்று சிவப்புப் புள்ளிகள்.

"உங்கள் மகள் இன்றைக்கு என்னைக் குத்திவிட்டாள். எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாள்!"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எத்தனை விதமாக மன்னிப்புக் கேட்கலாமோ அத்தனை விதமாகவும் கேட்டேன். வதனியைக் கொண்டும் கேட்பித்தேன். தெருவுக்கு வந்ததும் குரலைக் கடுமையாக்கினேன்.

"ஏன் குத்தினனீ?"

"இன்னும் உருளைக்கிழங்கு இருந்தது, அம்மா."

ஏசவேண்டியது என் கடமை. ஆட்களுக்கு முன்னால் வேண்டாம், பஸ் தரிப்பு வரட்டும் என்று நினைத்தேன். பஸ் தரிப்பு வந்தது. பஸ்ஸும் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அவள் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து ஒரு பெரிய ஏப்பம் விட்டாள். முன்சீற்றில் இருந்த இரண்டு வெள்ளைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்களை நேராகப் பார்த்துச் சிரித்தேன்.